செயற்கை லென்ஸ் வழியே விழித்திரை: விட்ரெக்டமி மேசையில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கேட்டராக்ட் அறுவையில் மல்டிஃபோகல் (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒளியைப் பிரிக்கும்) செயற்கை லென்ஸ் வைத்த கண்ணில் விட்ரெக்டமி, அதாவது கண்ணுக்குள் இருக்கும் விட்ரியஸ் ஜெல்லை அகற்றி விழித்திரையைச் சரிசெய்யும் அறுவை, என்றாலே முகம் சுளிக்கும் அறுவை மருத்துவர்கள் பலர். நீண்ட பழக்கத்தில் எங்கள் கணக்கு வேறு. மல்டிஃபோகல் தொந்தரவுதான், ஆனால் சமாளித்துவிடலாம். கேஸை நடுவழியில் நிறுத்துபவை வேறு இரண்டு: பின் காப்ஸ்யூல் (லென்ஸைத் தாங்கும் மெல்லிய பையின் பின்சுவர்) திறந்து கிடக்கும் சிலிக்கோன் லென்ஸ், சுருங்கி வெளுத்துப்போன முன் காப்ஸ்யூல்.

லென்ஸ் கார்டு (வைத்த லென்ஸின் விவரம் எழுதி நோயாளியிடம் கொடுக்கும் அட்டை) கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதில் பார்க்க வேண்டியது லென்ஸின் பொருளும், ஆப்டிக்கின் (லென்ஸின் நடுவே ஒளி கடக்கும் வட்டப் பகுதி) விட்டமும். கலங்கிய பின் காப்ஸ்யூலைத் திறக்க யாக் லேசர் செய்திருக்கிறார்களா என்பது கார்டில் இருக்காது, நோயாளியிடம் தனியாகக் கேட்க வேண்டும். கார்டு தொலைந்துபோயிருந்தால் மருந்து போட்டுக் கண்மணியை விரித்து ஸ்லிட் லாம்ப்பில் பாருங்கள். நெருக்கமான வட்ட வரிகள் தெரிந்தால் டிஃப்ராக்டிவ், அதாவது அந்த வரிகளால் ஒளியைப் பிரிக்கும் மல்டிஃபோகல். கீழ்ப்பாதியில் கோடு போட்டுப் பிரித்தாற்போல் இருந்தால், தூரத்துக்கும் கிட்டத்துக்கும் தனித்தனிப் பகுதி கொண்ட செக்மென்ட் வகை. லென்ஸ் கண்ணாடிபோல் பளிச்சென்று மின்னினால் பெரும்பாலும் ஹைட்ரோபோபிக் (நீர் ஒட்டாத) அக்ரிலிக். அதன் ஒளிவிலகல் எண் 1.55 வரை போகும், அதனால்தான் அந்த மினுக்கம். பழைய கடின பிளாஸ்டிக்கான பிஎம்எம்ஏ லென்ஸுக்கு 1.49தான். இதே மினுக்கம் மேசையிலும் குறுக்கே வரும். மைக்ரோஸ்கோப்பின் சொந்த விளக்கை அணைத்துவிட்டு, கண்ணுக்குள் விடும் விளக்கான லைட் பைப்பைச் சற்றுச் சாய்த்தால் விலகிவிடும்.

பார்க்கும் கருவி எது என்பதில்தான் பெரிய வித்தியாசம். கார்னியா (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) மேல் வைக்கும் தட்டை கான்டாக்ட் லென்ஸில் மாக்குலா (விழித்திரையின் நடுப்பகுதி) பெரிதாக, ஆழம் துல்லியமாகத் தெரியும். ஆனால் நம் இரு கண்களுக்கும் வரும் ஒளிக்கற்றைகள் உள்ளே இருக்கும் லென்ஸின் வெவ்வேறு இடங்களை அகலமாகக் கடந்து வருகின்றன. லென்ஸின் ஒவ்வொரு வளையமும் ஒவ்வொரு பவர் என்றால் அந்தக் குழப்பம் அப்படியே படத்தில் விழும். விழித்திரையை அகலமாகக் காட்டும் வைட் ஆங்கிள் முறை இன்டைரக்ட் ஆஃப்தால்மாஸ்கோப்பின் தத்துவம். அதில் கற்றைகள் கண்மணியில் சின்னப் புள்ளிகளாகக் குறுகி நுழைவதால் லென்ஸின் சிறு பகுதி மட்டுமே வேலை செய்கிறது. அதனால் மல்டிஃபோகல் கண்ணிலும் வைட் ஆங்கிளில் கோர் விட்ரெக்டமி (நடு ஜெல்லை எடுப்பது), லேசர், பிரிந்த விழித்திரையை ஒட்டவைப்பது எல்லாம் சாதாரணக் கண்ணைப் போலவே போகும். சிக்கல் மாக்குலாவில் சவ்வு உரிக்கும்போதுதான்.

அந்த இடத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். பழைய இரு குவிய டிஃப்ராக்டிவ் லென்ஸ், வரும் ஒளியில் சுமார் 41 சதவீதத்தைத் தூரத்துக்கும் 41 சதவீதத்தைக் கிட்டத்துக்கும் பிரிக்கிறது. மீதி 18 சதவீதம் பயனற்ற திசைகளில் சிதறுகிறது. ஃபோர்செப்ஸ் (சவ்வைப் பிடிக்கும் இடுக்கி) நுனியை ஃபோகஸ் செய்தால், குவியாத மற்றொரு படம் அதன் மேல் மெல்லிய பால் திரைபோல் படிகிறது. நுனி தெரியும், ஆனால் விழித்திரையின் உட்பரப்பில் உரிக்க வேண்டிய உள் எல்லைச் சவ்வின் ஓரம் தெரியாது. சில மைக்ரான் தடிமனே உள்ள சவ்வை மங்கின கான்ட்ராஸ்ட்டில் தேடினால் பிடி விழித்திரையில் விழும். இங்கே கைகொடுப்பது சாயம். 0.025 சதவீத பிரில்லியன்ட் ப்ளூவைப் போட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிற்கவிட்டுக் கழுவினால், உரித்த இடத்துக்கும் உரிக்காத இடத்துக்கும் நடுவே நீலக் கரை தெளிவாக நிற்கும். அந்தக் கரையை வைத்தே வேலை செய்யுங்கள், ஆழத்தை நம்பி இறங்காதீர்கள். ஃபோகஸ் பெடலை மேலும் கீழும் ஓட்டினால் படம் இரண்டு இடங்களில் ‘நிற்பது’ போல் தோன்றும். கூர்மையான இடத்தை முதலிலேயே முடிவு செய்துவிட்டு, உரித்து முடியும்வரை பெடலைத் தொடாமலிருப்பது நல்லது.

செக்மென்ட் லென்ஸ் இன்னும் விநோதம். பார்க்கும் நம் ஒரு கண்ணுக்குத் தூரப் பகுதி, மறு கண்ணுக்குக் கிட்டப் பகுதி என்று விழுந்தால் ஒரு படம் கூர்மை, மற்றது மங்கல். ஆழ உணர்வே போய்விடும். மைக்ரோஸ்கோப்பை எக்ஸ்-ஒய் பெடலில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்த்தி, இரண்டு கற்றைகளும் தூரப் பகுதிக்குள்ளேயே விழும்படி செய்தால் சரியாகிவிடும். ஆஸ்டிக்மாட்டிசத்தைத் திருத்தும் டோரிக் லென்ஸைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, ஒற்றைக் குவிய லென்ஸ் மாதிரிதான்.

இனி காப்ஸ்யூல். படம் மங்கினால் எல்லோரும் முதலில் லென்ஸைத் திட்டுவார்கள். பாதி நேரம் குற்றவாளி காப்ஸ்யூல். பின் காப்ஸ்யூல் கலங்கியிருந்தால் ஜெல்லை வெட்டி உறிஞ்சும் விட்ரியஸ் கட்டரையே பார்ஸ் பிளானா (விழித்திரை ஓரத்துக்கு முன்னாலுள்ள நுழைவிடம்) வழியாகக் கொண்டுபோய் 4 முதல் 5 மி.மீ. வட்டம் திறந்துவிடலாம். வேக்யூம் குறைவாக இருக்கட்டும், கட்டரின் வாய் ஆப்டிக்கில் உரசக் கூடாது. 6 மி.மீ. ஆப்டிக்கின் ஓரத்தைத் தாண்டித் திறந்தால் லென்ஸ் ஆட்டம் காணும். முன் காப்ஸ்யூல் நாராக இறுகிப்போயிருந்தால் கட்டர் கடிக்காது, வழுக்கும். முன் அறையை விஸ்கோவால் (கெட்டியான ஜெல்) நிரப்பி, சைடு போர்ட் (கார்னியா ஓரத்துச் சிறு வெட்டு) வழியாகக் கத்தரி விட்டு இரண்டு மூன்று இடங்களில் ஆரமாக வெட்டி, அப்புறம் கட்டரால் ஓரத்தைச் சீவ வேண்டும். சிலிக்கோன் லென்ஸ் என்றால் பின் காப்ஸ்யூலைக் கூடுமானவரை தொடாதீர்கள்.

ஏன் என்றால், ஏர் எக்ஸ்சேஞ்ச்: கண்ணுக்குள் இருக்கும் திரவத்தை எடுத்துக் காற்றை ஏற்றுவது. காற்று ஏறியதும், திறந்த காப்ஸ்யூலின் வழியே சிலிக்கோனின் பின்முகத்தில் ஈரம் படிந்து மணிமணியாக நிற்கும். நீரை விரட்டும் பரப்பு அது. நீரை ஈர்க்கும் ஹைட்ரோஃபிலிக் அக்ரிலிக்கில் நீர் பரவி மெல்லிய படலமாகிவிடும், நமக்குப் பார்வை மறையாது. சிலிக்கோனில் அது துளிகளாகவே நிற்பதால் ஒரே நொடியில் விழித்திரை மறைந்துவிடும். சாஃப்ட் டிப் கேனுலாவால் துடைத்தால் தெளியும், சற்று நேரத்தில் மறுபடி படியும். நிலைத்த வழி, வளைந்த மெல்லிய கேனுலாவில் சோடியம் ஹையலூரோனேட் எடுத்து லென்ஸின் பின்முகத்தில் மெல்லிதாகத் தடவுவது. தடித்துவிட்டால் அலையலையாகத் தெரியும், சில நேரம் கட்டியாக மாக்குலா மேலேயே வந்து விழும். முன்கூட்டியே தெரிந்தால், லேசர் வேலையைக் காற்று ஏற்றுவதற்கு முன்பே, விழித்திரையை அழுத்திப் பிடிக்கும் கனமான பெர்ஃப்ளூரோகார்பன் திரவத்தின் அடியிலேயே முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

காற்றேறிய கண்ணில் இன்னொரு மாற்றமும் உண்டு. லென்ஸின் பின்முகம் திரவத்துக்குப் பதில் காற்றைத் தொடுவதால் கண்ணின் பவர் எகிறிவிடும். தட்டை கான்டாக்ட் லென்ஸ் அப்போது உதவாது, இருபுறமும் குழிந்த லென்ஸ் வேண்டும். வைட் ஆங்கிளில் ஃபோகஸை மாற்றினால் போதும். பார்வைப் பரப்பு அகலமாகும், படம் சிறுக்கும்.

விழித்திரையைத் தாங்கக் கண்ணுக்குள் நிரப்பும் சிலிக்கோன் ஆயிலும் சிலிக்கோன் லென்ஸும் ஒன்று சேரவே கூடாது. ஆயில் துளிகள் ஒட்டினால் துடைத்துப் போகாது. கடைசியில் லென்ஸையே மாற்ற வேண்டி வரும். அதே வேலைக்கு வாயு போட்ட கண்ணில், ஹைட்ரோஃபிலிக் அக்ரிலிக் லென்ஸில் பின்னாளில் கால்சியம் படிந்து, கண்மணி அளவுக்கு வட்டமாக வெளுப்பதுண்டு. அதைக் காப்ஸ்யூல் கலங்கல் என்று நினைத்து யாக் போட்டுவிடுவார்கள். கலங்கல் போகாது, காப்ஸ்யூல் திறந்துவிட்டதால் பின்னால் லென்ஸை மாற்றுவதும் கஷ்டமாகிவிடும்.

ஓர விழித்திரையைப் பார்க்கும்போது ஆப்டிக்கின் விளிம்பு பிரிசம் போல் நடந்துகொள்ளும்: ஒரே கிழிசல் இரண்டாகத் தெரியும், அல்லது படம் தாவும். கண்ணை இன்னும் சாய்ப்பதைவிட, வெளியிலிருந்து ஸ்கிளீராவை (கண்ணின் வெள்ளைச் சுவர்) அழுத்தி ஓரத்தை ஆப்டிக்குக்குப் பின்னால் கொண்டுவருவது சுலபம். விழித்திரை ஓரத்தில் ஜெல் இறுக ஒட்டியிருக்கும் விட்ரியஸ் பேஸைச் சீவ வேண்டும் என்றால், வைட் ஆங்கிள் லென்ஸை ஒதுக்கிவிட்டு, அழுத்தியபடியே மைக்ரோஸ்கோப்பின் நேர் வெளிச்சத்திலும் பார்க்கலாம்.

லென்ஸுக்குச் சம்பந்தமில்லாத மங்கலும் உண்டு, அதை முதலில் ஒதுக்குங்கள். நோயாளியின் மூச்சுக்காற்று டிரேப்புக்கு (முகத்தை மூடும் விரிப்பு) அடியிலிருந்து கசிந்து வைட் ஆங்கிள் லென்ஸில் ஆவியாகப் படியும். மூக்குப் பக்கம் டிரேப்பை ஒட்டினால் நிற்கும். கார்னியா காய்ந்தால் 2 சதவீத ஹைட்ராக்ஸிபுரோபில் மெத்தில்செல்லுலோஸ் ஒரு சொட்டு. அண்மையில் கேட்டராக்ட் செய்த கண்ணில் வெட்டு கசிந்தால் 10-0 நைலான் தையல் ஒன்று போட்டுவிட்டுத் தொடங்குங்கள். கசிவைக் கண்ணுக்குள் திரவம் செலுத்தும் இன்ஃப்யூஷன் அழுத்தத்தால் ஈடுகட்டப் போனால் கார்னியா ஊதி, அதற்கு அப்புறம் எந்த லென்ஸ் என்ற கேள்வியே எழாது.