தாராவி பார்க்க: தனியாகவா, சொந்தக்காரரோடா, காசு கட்டியா?

மும்பைக்குப் போகும் நண்பர்கள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "தாராவிய ஒரு எட்டு பாக்கணும். எப்படிப் போறது?" ஒன்றரை வருஷத்தில் நான் மூன்று விதமாகவும் போய்விட்டு வந்திருக்கிறேன். முதல் தடவை தனியாக. அடுத்து, அங்கேயே குடியிருக்கும் பெரியம்மா மகன் அண்ணனோடு. மூன்றாவதாகக் காசு கட்டி, வழிகாட்டியோடு நடைச் சுற்றுலாவில். என் ஓட்டு மூன்றாவதற்கு. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்கள் நூறு வருஷத்துக்கு மேலாக வாழ்கிற இடத்தைப் பார்க்க, திருநெல்வேலிக்காரன் டிக்கெட் எடுத்திருக்கிறேன்.

ஏழைகள் குடியிருக்கும் இடத்தை வேடிக்கை பார்க்கப் போகலாமா கூடாதா என்பதை இங்கே நீட்டவில்லை. 1880-களிலேயே லண்டன் பணக்காரர்கள் ஈஸ்ட் எண்ட் குடிசைகளைப் பார்க்கக் கும்பலாகப் போனார்கள். பிரேசிலில் ரியோ நகரத்தின் ரோசீன்யா குடிசைப் பகுதியில் 1990-களின் தொடக்கத்திலிருந்தே சுற்றுலா நடக்கிறது. தாராவிச் சுற்றுலா 2019-ல் டிரிப்அட்வைசர் பட்டியலில் தாஜ்மகாலையே பின்னுக்குத் தள்ளியது. ஆட்கள் போகத்தான் போகிறார்கள். எப்படிப் போகிறார்கள் என்பதில்தான் எனக்கு அக்கறை.

முதலில் தனியாகப் போன கதை. ஆபீஸ் வேலையாகப் போனபோது அரை நாள் மிச்சமானது. அண்ணனிடம் சொன்னால் சமையல், உபசாரம் என்று ஆகிவிடும். அதனால் சொல்லாமல் மாகிம் ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே நடந்தேன். வழி கண்டுபிடிப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. மாகிமும் சயானும் பக்கம், 2025 மே முதல் தாராவி பெயரிலேயே மெட்ரோ நிலையமும் இருக்கிறது. 90 அடி சாலையில் பாதிக் கடைகளின் பலகை தமிழில். வாழை இலை, முறுக்கு, மல்லிகைப் பூ, நம்மூர் வாரப் பத்திரிகை. "இங்க நமக்கு எதுக்கு கைடு?" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

சாலையிலிருந்து ஒரு சந்துக்குள் திரும்பினேன். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய அகலம். ஒரு வாசலில் சாணிக்குப் பதில் சிமெண்டுத் தரையிலேயே சின்னதாக ஒரு புள்ளிக்கோலம். கதவுக்குப் பக்கத்தில் சுவரில் பெயிண்டில் ஒரு எண். கோலமும் எண்ணும் சேர்ந்து தெரிந்தது அழகாக இருந்தது. போனைத் தூக்கினேன். உள்ளேயிருந்து ஒரு அம்மா கை ஈரத்தோடு வந்தார்.

"எந்த ஆபீஸ்? சர்வேயா?"

"இல்லக்கா, ஊர்லேருந்து வந்திருக்கேன். திருநெல்வேலி."

"சரி. யார் வீட்டுக்கு வந்தீங்க?"

என்னிடம் பதில் இல்லை. அதற்குள் எதிர் வீட்டிலிருந்து ஒருவர், மேல் ஏணியிலிருந்து ஒருவர், பின்னால் ஒரு பையன். யாரும் மிரட்டவில்லை. எல்லார் கண்ணிலும் அதே கேள்விதான். அண்ணன் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், நான் ரயில் ஏறிய பிறகு விவகாரம் அவன் தலையில்தான் விடியும். படத்தை அவர் முன்னாலேயே அழித்துவிட்டு வந்த வழியே திரும்பினேன்.

அந்த எண்ணின் அர்த்தம் எனக்குப் பிறகுதான் உறைத்தது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தை அதானி குழுமம் 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு எடுத்தது. 2024 மார்ச்சில் வீடுவீடாக எண் போட்டுக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வேறெங்கோ என்பது ஏற்பாடு. ஒரு குடும்பம் அங்கேயே இருக்குமா, நகரத்தின் மறுகோடிக்குப் போகுமா என்பதைச் சுவரிலுள்ள அந்த எண்ணும் அதோடு சேரும் காகிதங்களும்தான் முடிவு செய்யும். அந்தச் சுவரைத்தான் நான் அழகு என்று படம் பிடித்திருக்கிறேன். அந்த அம்மா கேட்டதில் என்ன தப்பு?

என் ஒப்பீடு முழுக்க அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. யார் வீட்டுக்கு வந்தீங்க? பாதுகாப்பு, கட்டணம், நேரம், மொழி எல்லாம் அதற்குப் பிறகு. பாதுகாப்பைப் பற்றி ஒரே வரி: பட்டப்பகலில் எனக்கு எந்தப் பயமும் தோன்றவில்லை, பர்ஸுக்குத் தாதர் ஸ்டேஷன் கூட்டத்தில்தான் அதிகம் பயப்பட்டேன். இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேலான இடத்தில் 6 லட்சம் பேர் என்றும் 10 லட்சம் பேர் என்றும் கணக்குச் சொல்கிறார்கள். இவ்வளவு நெருக்கத்தில் வாசல் என்பது திண்ணை, சமையலறை, துணி துவைக்கும் இடம் எல்லாம்தான். நாம் தெருவில் நடப்பதாக நினைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்போம். உள்ளே வந்தவன் யாருக்கு வேண்டியவன் என்று கேட்காமல் எப்படி இருப்பார்கள்?

இரண்டாவது தடவை அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நான் சொல்லாமல் வந்துபோனது எப்படியோ தெரிந்து, அண்ணன் போனில் ஏசினான். அடுத்த முறை நேரே அவன் வீடு. பத்துக்குப் பத்து அறை, மேலே இன்னொரு அறை, ஏற இரும்பு ஏணி. மதினி காலையிலேயே மீன் வாங்கி வைத்திருந்தாள். அண்ணன் தோல் பை தைக்கும் கடையில் மாஸ்டர், பீஸ் கணக்கில் கூலி. எனக்காக ஒரு நாள் போகவில்லை. அந்த நாள் கூலி போச்சு.

அவன் காட்டியவை: 1913-ல் நம் ஜில்லாக்காரர்கள் கட்டிய பிள்ளையார் கோயில். காமராஜர் பெயரில் நடக்கும் பள்ளிக்கூடம். பொங்கலன்று 90 அடி சாலையில் வரிசையாக அடுப்பு வைத்துப் பானை ஏற்றும் இடம். பிறகு சொந்தக்காரர் வீடுகள். ஆறு வீடு, ஆறு டீ. ஏழாவது வீட்டில் ரஸ்னா. ஒவ்வொரு வீட்டிலும் ஊரில் யார் செத்தார்கள், யார் நிலத்தை விற்றார்கள் என்ற விசாரிப்பு. விடியக்காலையில் இட்லி அவித்து, சைக்கிள் கேரியரில் பாத்திரம் கட்டி, ஹாரன் அமுக்கிக்கொண்டு நகரமெல்லாம் விற்கப் போகும் மாமா ஒருவர், மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து பேசினார். எந்தச் சுற்றுலாவும் இதைத் தராது.

ஆனால் தாராவியைப் பார்த்தேனா? அண்ணன் பார்க்கவைக்க நினைத்ததைப் பார்த்தேன். பழைய பிளாஸ்டிக், தகரம் எல்லாம் பிரித்து மறுசுழற்சி செய்யும் பகுதியைக் கேட்டேன். "13 காம்பவுண்டு எங்கண்ணே இருக்கு?" என்றதற்கு, "அங்க என்னலே இருக்கு, ஒரே நாத்தம்" என்று பேச்சை மாற்றினான். தம்பியிடம் காட்ட அவனுக்கு அவன் தாராவி உண்டு: கோயில், பள்ளிக்கூடம், பாஸான பிள்ளைகள். அதில் கழிவுக் கிடங்குக்கு இடமில்லை. எனக்கு அவசரமாக வந்தபோது பொதுக் கழிப்பறைக்குக் கூட்டிப் போய், வரிசையில் நின்றிருந்தவர்களிடம் "ஊர்லேருந்து தம்பி" என்று சொல்லி என்னை முன்னால் விட்டான். அவர்கள் விட்டார்கள். அவன் முகம் மட்டும் அன்று முழுக்கச் சரியாக இல்லை. விருந்தாளியாகப் போய், சுற்றுலாக்காரன் கண்ணோடு பார்ப்பது எவ்வளவு அசிங்கம் என்று அந்த வரிசையில்தான் எனக்குப் புரிந்தது.

சொந்தக்காரர் இருந்தால் போங்கள், மீன் சாப்பிடுங்கள், பிள்ளைகள் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள். அவரை கைடு ஆக்காதீர்கள். நம்மால் ஒரு சங்கடம் வந்தால் அதைச் சுமப்பவர் அவர், அதற்கு அவருக்குக் கூலியும் கிடையாது.

மூன்றாவது, நடைச் சுற்றுலா. இந்த ஏற்பாட்டுக்குத் தாராவியில் வழிபோட்டது 2005-ல் ஆரம்பித்த ரியாலிட்டி டூர்ஸ். சின்னக் குழு, படம் எடுக்கத் தடை, லாபத்தில் 80 சதவீதம் அங்கேயே கல்விப் பணிகளுக்கு என்பது அவர்கள் அறிவித்த விதி. பின்னால் வந்த பலர் முதல் இரண்டைக் காப்பியடித்தார்கள், மூன்றாவதை எல்லாரும் அல்ல. நான் போனது யாரோடு என்று சொல்லவில்லை, விளம்பரமாகிவிடும். ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆனது. எங்கள் குழுவில் ஆறு பேர், இந்தியர் நானும் புனேக்கார அம்மா ஒருவரும். வழிகாட்டி கல்லூரியில் படிக்கும் பையன். தாத்தா காலத்தில் உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த குடும்பம், பிறந்து வளர்ந்தது தாராவியில். நான் தமிழ் என்றதும் "சாப்டாச்சா?" என்றான்.

நேரே 13 காம்பவுண்டு. நகரம் தூக்கிப் போட்ட பிளாஸ்டிக் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. ஒரு அறையில் நாலு பேர் குந்தி உட்கார்ந்து ரகம் பிரிக்கிறார்கள். ஒருவர் உடைந்த மூடி ஒன்றை எடுத்து, தரையில் ஒரு தட்டுத் தட்டி, அந்தச் சத்தத்தைக் கேட்டே இடப்பக்கக் குவியலில் எறிந்தார். அடுத்ததைத் தட்டினார், வலப்பக்கம் போனது. தலை நிமிரவே இல்லை. அடுத்த அறையில் அதை அரைக்கும் இயந்திரம், பிறகு கழுவல், கூரை மேல் காயவைப்பது, பிறகு உருக்கி நூலாக இழுத்துக் குருணையாக வெட்டுவது. இன்னொரு சந்தில் 15 கிலோ எண்ணெய் டின்களை வெந்நீரில் போட்டு எடுத்து, நசுங்கலைத் தட்டி நிமிர்த்துகிறார்கள். அலுமினியம் உருக்கும் இடத்தில் என்னால் ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை, கண் எரிந்தது. வேலை செய்தவர் முகத்தில் கைக்குட்டை மட்டும்தான். அங்கிருந்து குடியிருப்புச் சந்துகள். தலைக்கு மேல் ஒயர், காலுக்குக் கீழே சாக்கடை மூடி. பையன் முன்னால் போய்க்கொண்டே "சர்... பைர்..." என்று தலையையும் காலையும் மாற்றி மாற்றி எச்சரித்துக்கொண்டிருந்தான். வெயில் விழும் ஒரு துண்டு இடத்தில் கவிழ்த்த மூங்கில் கூடைகள் மேல் அப்பளம் காய்ந்தது. கடைசியாக கும்பார்வாடா, சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் சூளைப் புகை.

எனக்கு முடிவைச் சொன்னது இந்தக் காட்சிகள் எதுவும் இல்லை. அப்பளக் கூடைகளைப் பார்த்ததும் குழுவில் ஒருவர் போனை உயர்த்தினார். பையன் பேச்சை நிறுத்தவே இல்லை, சாதாரணமாகக் கையை நீட்டி லென்ஸை மூடினான். அப்பளம் திருப்பிக்கொண்டிருந்த பாட்டி அவனைப் பார்த்து ஏதோ மராத்தியில் திட்டினார், அவன் சிரித்துக்கொண்டே கும்பிட்டான். சந்து தாண்டியதும் சொன்னான்: "நாளைக்குக் காலையிலயும் நான் இந்த வழியாத்தான் சார் வரணும்."

யார் வீட்டுக்கு வந்தீங்க என்ற கேள்விக்கு இதுதான் பதில். பாட்டி என்னைக் கேட்கவில்லை. அவனைத் திட்டினார், அவன் வாங்கிக்கொண்டான். அவனுக்கு அது தொழில், சம்பளம் உண்டு. ஆறு பேரைக் கட்டுக்குள் வைக்கவில்லை என்றால் அந்தச் சந்து அவனுக்கு மூடிவிடும். தனியாகப் போன என்னைக் கட்டுப்படுத்த யாரும் இல்லை. அண்ணன் கட்டுப்படுத்த மாட்டான், நான் தம்பி. நான் கொடுத்த ஆயிரத்துச் சொச்சத்தில் பாதி என்னை அடக்கி வைப்பதற்கான கூலி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அதனால் பதிவு செய்வதற்கு முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: கூட வருகிறவர் வீடு எங்கே? அந்தேரியிலிருந்தோ தானேயிலிருந்தோ வந்து பேசிவிட்டுப் போகிறவர் என்றால் வேண்டாம். படம் எடுக்கலாம் என்று ஆசை காட்டினாலும், ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் அழைத்துப் போகிறோம் என்றாலும் வேண்டாம். ஏசி காரில் உட்கார்ந்தபடியே 60 அடி சாலையைச் சுற்றிக் காட்டுகிறார்களாம், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

குறையும் சொல்ல வேண்டும். வழிகாட்டிகளின் பேச்சு முழுக்க உழைப்பின் பெருமை. ஆண்டுக்கு நூறு கோடி டாலர் வியாபாரம் என்று பையனும் சொன்னான். ரகம் பிரிக்கிறவருக்கு நாள் கூலி எவ்வளவு என்று கேட்டபோது அந்த வேகம் இல்லை. நாங்கள் எட்டிப் பார்த்த அறைகளில் உழைத்தவர்கள் கைக்கு எங்கள் காசு நேராக எதுவும் போகவில்லை. மறுசீரமைப்பைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் வாய் திறந்தான், அதுவும் அளந்து. மழைக்காலத்தில் நான் போனதில்லை, சிறு பிள்ளைகளோடும் போனதில்லை. அவற்றில் என் வார்த்தையை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

தனியாகவே போகத்தான் ஆசை என்றால் சாலையோடு நில்லுங்கள், வாங்க ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். சயான்–பாந்திரா இணைப்புச் சாலைத் தோல் கடைகளில் பெல்ட், பை பார்க்கலாம். கும்பார்வாடாவில் தீபாவளிக்கு முன்பு அகல் விளக்கு வாங்கலாம். வாங்க வந்தவனை யார் வீட்டுக்கு வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

காசு கட்டிப் போய் வந்ததை அண்ணனிடம் மறைக்கவில்லை. போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஆயிரத்துக்கு மேலயா குடுத்த? ஒரு கிலோ சுர்மை மீனு வாங்கியிருக்கலாம்லே."

மதினி பின்னாலிருந்து சிரித்தாள். நான் இதைச் சொல்லி, அதைச் சொல்லி, மூடியைத் தட்டிச் சத்தம் கேட்டு ரகம் பிரித்தவரைப் பற்றிச் சொன்னேன். அண்ணன் குறுக்கே பேசாமல் கேட்டான். இருபத்திரண்டு வருஷமாக அங்கே இருக்கிறான், தையல் கடைக்கும் அந்தக் கிடங்குக்கும் கால் மணி நேர நடை.

"சத்தத்த வச்சேவா கண்டுபிடிக்கான்?" என்றான். "எந்தச் சந்துலே அது?"