ஐந்து முக ஜபமாலை: முகத்தை விடுங்கள், முடிச்சைப் பாருங்கள்

ஹரித்துவார் கடைத்தெருவானாலும் திருவண்ணாமலைக் கோயில் வாசலானாலும், ருத்திராட்சம் விற்பவர் முதலில் எடுப்பது முகப் பேச்சைத்தான். முகம் என்பது மணியின் மேல் இயற்கையாக ஓடும் கோடு. எத்தனை முகம், எந்தக் கிரகத்துக்கு, நேபாளமா ஜாவாவா என்று அரைமணி நேரம் ஓடும். கழுத்தில் போட வாங்குகிறவருக்கு அது வேண்டியிருக்கலாம். உட்கார்ந்து ஜபம் பண்ண வாங்குகிறவருக்கு ஐந்து முகமே போதும். மரத்தில் அதிகம் காய்ப்பது அதுதான். விலை குறைவு, அதனாலேயே போலியும் குறைவு. ஒரு முகம், 21 முகம் என்று விலை ஏறுகிற இடத்தில்தான் அரத்தால் கோடு கீறுவதும், இரண்டு மணியைப் பசை போட்டு ஒட்டுவதும் நடக்கிறது.

இங்கே பார்க்கப்போவது பெரும்பாலான கடைகளில் தொங்கும் சாதாரணச் சரக்கு: ஜாவா ருத்திராட்சம், 7 மி.மீ., 108 மணியும் ஒரு மேருவும் (மாலை தொடங்கி முடியும் இடத்தில் நிற்கும் தலைமணி). இதுவே இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, மணிகளை ஒட்ட ஒட்டக் கோர்த்தது. மற்றது, மணிக்கு மணி முடிச்சு போட்டது. விலையில் பெரிய வித்தியாசமில்லை, உபயோகத்தில் ஏகப்பட்ட வித்தியாசம்.

காரணம் மந்திரத்திலேயே இருக்கிறது. ஐந்தெழுத்தை விடாமல் வேகமாகச் சொல்லிப் பாருங்கள்: நமசிவாயநமசிவாயநமசிவாய. பத்தாவது முறைக்குள் நாக்கு எங்கே தொடங்குகிறது என்பது தெரியாமல் போகும். நமசிவாய சொல்கிறோமா, சிவாயநம சொல்கிறோமா? சைவ சித்தாந்தத்தில் இரண்டும் ஒன்றல்ல. ந மறைப்பாற்றல், ம மலம் (உயிரைப் பற்றிய அழுக்கு), சி சிவம், வ அருள், ய உயிர். நமசிவாய என்பது தூலம், அதாவது பருவடிவம். சிவாயநம என்பது சூக்குமம், அதாவது நுண்வடிவம். சூக்குமத்தில் உயிர் நடுவில் நிற்கிறது: ஒரு பக்கம் சிவமும் அருளும், மறுபக்கம் மறைப்பும் மலமும். எந்த எழுத்தில் தொடங்கி எதில் நிற்கிறோம் என்பதில்தான் பொருளே இருக்கிறது. அந்த எல்லையை விரலுக்குக் காட்டுவது முடிச்சு. மணி நகர்ந்து முடிச்சு தட்டுப்படும் இடத்தில் மந்திரம் முடிய வேண்டும். அடுத்த மணியைத் தொட்ட பிறகுதான் அடுத்த ‘ந’. ஒட்டிக் கோர்த்த மாலையில் இந்த இடைவெளி கிடையாது. இரண்டு மணி சேர்ந்து வழுக்கும், எண்ணிக்கையும் போகும், எழுத்தும் மங்கும்.

கடையில் வைத்தே சோதிக்கலாம். மாலையை வலக்கை நடுவிரலில் தொங்கவிட்டு, கட்டைவிரலால் ஒவ்வொரு மணியாக உங்கள் பக்கம் இழுங்கள். ஆள்காட்டி விரல் விலகியே இருக்கட்டும். அது அகங்காரத்தின் விரல் என்பது மரபு. நடைமுறையில் பார்த்தாலும் அந்த விரல் சேர்ந்தால் கிள்ளிப் பிடிக்கத் தோன்றும், மணி தாவும். பத்து மணி இழுத்ததில் ஒன்றாவது சிக்கினால் அந்தத் துளை பிசிறாக இருக்கிறது என்று பொருள். ருத்திராட்சத்துக்கு இயற்கையிலேயே துளை உண்டு. ஆனால் சின்ன மணிகளில் அதைத் துளைப்பானால் பெரிதாக்குகிறார்கள். பிசிறை நீக்காமல் விட்டால் ஒவ்வொரு இழுப்பிலும் நூல் அறுபடும்.

முடிச்சின் பருமனையும் பாருங்கள். 2 மி.மீ. அளவுக்கு இருந்தால் நல்லது. துளையைவிடச் சிறிய முடிச்சு மணிக்குள்ளேயே போய்விடும், பிறகு அது இருந்தும் இல்லாததுதான். 7 மி.மீ. மணியும் 2 மி.மீ. முடிச்சும் சேர்ந்தால் மாலையின் சுற்றளவு 97 செ.மீ. வரும். அதே 108 வெறும் 76 செ.மீ.க்குள் அடங்கினால் முடிச்சே இல்லை என்று எண்ணாமலே சொல்லிவிடலாம். 5 மி.மீ. மணி பார்வைக்கு அழகு, பெரிய விரல்களுக்கு ஆகாது. 10 மி.மீ.க்கு மேல் போனால் கை கனக்கும்.

தண்ணீரில் மூழ்கினால் அசல், மிதந்தால் போலி என்று கடைக்காரர் தம்ளரோடு வருவார். நம்ப வேண்டாம். நன்றாகக் காய்ந்த அசல் மணி மிதக்கும். கனமான போலி மூழ்கும். இரண்டு செப்புக்காசுக்கு நடுவில் வைத்துச் சுழலவிடும் வேடிக்கையும் அப்படியே. இதைவிட உருப்படியான சோதனை ஈர வெள்ளைத்துணியால் அழுத்தித் துடைப்பது. லேசான பழுப்பு வரலாம். செக்கச்செவேல் என்று வந்தால் சாயம் ஏற்றிய சரக்கு, வியர்வைக் கையில் ஒட்டும். எல்லா மணியிலும் மேடுபள்ளம் அச்சடித்தாற்போல் ஒரே மாதிரி இருந்தால் அது பிளாஸ்டிக்.

கோர்வையில் ஒரு நுணுக்கம் பெரும்பாலான கடை மாலைகளில் கைவிடப்படுகிறது. முறைப்படி ஒரு மணியின் முகம் அடுத்ததன் முகத்தையும், அடி அடியையும் பார்க்க வேண்டும். இங்கே முகம் என்பது கோடு அல்ல, துளையின் மேல்முனை. சொல்லிச் செய்தால்தான் அப்படிக் கிடைக்கும். வெள்ளிப்பூண் கட்டிக் கம்பியில் கோர்த்த மாலை கழுத்துக்குச் சரி, ஜபத்துக்கு வேண்டாம். கம்பி விரலில் மடியாது, வளைகிற இடத்தில் ஒருநாள் முறியும்.

108ல் 100ஐ மட்டும் கணக்கில் எடுப்பது வழக்கம். மிச்சம் எட்டு உச்சரிப்புப் பிழைக்கு. எழுத்துக்கு ஒரு லட்சம் என்பது புரச்சரணக் கணக்கு, அதாவது ஒரு மந்திரத்தை இத்தனை முறை என்று நியமம் வைத்து ஜபித்து முடிக்கும் கணக்கு. ஐந்தெழுத்துக்கு ஐந்து லட்சம், அதாவது 5,000 மாலை. தினம் 10 மாலை என்றால் 500 நாள். ஒரு ஐந்தெழுத்துக்கு மூன்று விநாடி வைத்தால் ஒரு மாலைக்கு ஐந்தரை நிமிடம் ஆகும். இரண்டு நிமிடத்தில் முடிகிறதென்றால் எழுத்து விழுங்கப்படுகிறது. மேருவைத் தாண்டக் கூடாது. அதைத் தொட்டதும் மாலையைத் திருப்பி வந்த வழியே போக வேண்டும். திருப்பும் அந்த ஒரு கணத்தில் எங்கோ அலைந்த மனசு பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். பிரணவ ஜபம், அதாவது ஓங்கார ஜபம் என்பது அதன் பொருளை நினைத்தபடி சொல்வது என்று யோக சூத்திரம் வைத்த நிபந்தனைக்கு இது நல்ல துணை.

விரலில் மாட்டும் டிஜிட்டல் கவுண்டரைச் சிலர் கேட்கிறார்கள். பேருந்தில் மானசமாக, அதாவது மனசுக்குள்ளேயே சொல்கிறவருக்குச் சௌகரியம்தான். ஆனால் பொத்தான் மந்திரம் முடிவதற்குமுன் அழுந்தும், சட்டைப்பையில் பட்டு எண்ணும் ஏறும், ரீசெட்டும் ஆகும். காசில்லாத வழி கைக்கணக்கு: மோதிரவிரலின் நடுக்கணுவில் தொடங்கி அதன் அடி, சுண்டுவிரலின் அடி, நடு, நுனி, பிறகு மோதிரவிரல் நுனி, நடுவிரல் நுனி, ஆள்காட்டி விரலின் நுனி, நடு, அடி. மொத்தம் பத்து. நடுவிரலில் மிஞ்சும் இரண்டு கணுவும் மேரு. பத்துகளை இடக்கையில் எண்ணலாம். கவுண்டர் வாங்கும் காசுக்கு இதுவே மேல்.

பராமரிப்புக்குச் சோப்பு வேண்டாம், மணி வறண்டு வெடிக்கும். மென்மையான பிரஷால் தூசு தட்டி, மாதம் ஒருமுறை இரண்டு சொட்டு நல்லெண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். எண்ணெயில் முழுதாக ஊறப்போட்டால் நூல் பிசுபிசுத்துத் தூசு பிடிக்கும். முதலில் தேய்வது மேருவை ஒட்டிய நூல். அங்கே பஞ்சு பஞ்சாகத் தெரிந்ததும் அறுவதற்குமுன் மறுகோர்வைக்குக் கொடுத்துவிடுங்கள். நைலான் வேண்டாம், முடிச்சு நெகிழும். முறுக்கிய பட்டு நூல் கேளுங்கள். முடிச்சுக்கே நிறைய நூல் போகும், ஆகவே நாலு மீட்டராவது எடுத்துப்போங்கள். கொடுக்குமுன் மணிகளை எண்ணிக் கொடுங்கள்.