‘எல்லாக் கடையிலும் ஒரே டேட்டா’ன்னு வர்றவங்ககிட்ட உஷார்

டெல்டா பக்கம் ரெண்டு மூணு ஊர்ல உரக்கடை, விதைக்கடை, ஹார்டுவேர் கடைன்னு கிளை வச்சிருக்கிறவங்க இதைப் படிச்சிடுங்க. பில்லிங் டேட்டாபேஸுக்கு ‘ரெப்ளிகா’ (தலைமைக் கடை டேட்டா மாற மாறக் கிளையிலயும் தானா மாறுற நகல்) போட்டுத் தர்றேன்னு சொல்லி ஒரு சர்வீஸ் ஆள் எங்க கணக்கைக் கந்தலாக்கிட்டுப் போயிட்டார்.

எங்களுக்குக் கும்பகோணத்துல தலைமைக் கடை. மன்னார்குடியிலயும் திருத்துறைப்பூண்டியிலயும் கிளை. 2018 நவம்பர் 16 கஜா புயல்ல திருத்துறைப்பூண்டி கடை கம்ப்யூட்டர் நனைஞ்சு, கடன் கணக்கெல்லாம் போச்சு. பழைய பேரேட்டு நோட்டு இருந்ததால பிழைச்சோம். ஒரு கடைக் கணக்கு மத்த கடையிலயும் இருக்கணும்ங்கிற எண்ணம் அப்ப வந்ததுதான். “ஒரு இடத்துல பில் போட்டா அடுத்த நிமிஷம் மூணு இடத்துலயும் இருக்கும் சார்”னு அவர் சொன்னதும் முன்பணம் கொடுத்தோம்.

வினை மாசியில வெளிய வந்தது. சம்பா அறுவடை முடிஞ்சு, கொள்முதல் நிலையத்துல போட்ட நெல்லுக்குப் பணம் பேங்க்ல ஏறினதும்தான் எங்க ஊர்ல உரக்கடன் அடையும். வடுவூர்ப் பெரியவர் ஒருத்தர் மன்னார்குடியில முழுசாக் கட்டிட்டார். ஒரு விசேஷத்துக்குக் கும்பகோணம் வந்தவர்கிட்ட எங்க பையன் பாக்கி இருக்குன்னு சொல்லிட்டான். “தம்பி, ரசீது என் சட்டைப் பையில இருக்கு. உன் பொட்டி என்ன சொன்னா எனக்கென்ன?”ன்னு சத்தம் போட்டார். ரசீது சரி. பொட்டிதான் தப்பு. அதுக்கப்புறம் அதே மாதிரி வரிசையா வந்தாங்க.

சர்வீஸ்காரரைக் கூப்பிட்டா, “உங்க ஊரு நெட் சரியில்ல சார்.” அவ்வளவுதான் பதில். சென்னையில டேட்டாபேஸ் வேலை பார்க்கிற எங்க அத்தை மகன் பொங்கலுக்கு வராததுக்கு மாசி மகத்துக்கு வந்தான். உட்கார்ந்து பார்த்துட்டுத் தலையில கை வச்சான்.

முதல்ல மன்னார்குடி. ஓடுறது மைஎஸ்க்யூஎல்ங்கிற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர். ரெப்ளிகா போட, தலைமைக் கடை டேட்டாவை டம்ப் எடுத்து, அதாவது முழுசா ஒரு ஃபைலா எடுத்து, கிளையில இம்போர்ட் பண்ணணும், அதாவது இறக்கணும். டேட்டாவுல நடக்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் சர்வர் வரிசையா எழுதி வைக்கிற பதிவுக்குப் பின்லாக்னு பேர். அந்த டம்ப் எதுவரைக்கும் எடுத்ததுங்கிற பின்லாக் இடத்தையும் கூடவே பதிஞ்சு எடுக்கணும். அங்கேர்ந்துதான் கிளை தொடரும். டம்ப் எடுக்கும்போதே அதைப் பதியச் சொல்ல ஒரு ஆப்ஷன் இருக்கு. இவர் அதைப் போடல. டம்ப்பைப் பென்டிரைவ்ல எடுத்துக்கிட்டுக் கிளம்பி, நீடாமங்கலம் ரயில்வே கேட்ல நின்னு, மன்னார்குடி வந்து இறக்கிட்டு, அந்த நேரத்து பின்லாக் இடத்தைக் கேட்டுக் கொடுத்திருக்கார். நடுவுல கும்பகோணத்துல போட்ட பில் எதுவும் மன்னார்குடிக்கு வரவே இல்லை. கேட் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்னு அந்த ரோட்ல போனவங்களுக்குத் தெரியும்.

அதே இம்போர்ட்ல விவசாயிங்க பேர் எல்லாம் கேள்விக்குறியா மாறியிருந்தது. கேட்டதுக்கு, “பிரிண்டர் ஃபாண்ட் பிரச்சனை”ன்னார். அத்தை மகன் சொன்னது வேற: தமிழ் எழுத்தை யூடிஎஃப்8எம்பி4ங்கிற எழுத்து முறையில எடுத்து அதுலயே இறக்கணும். இடையில தமிழுக்கு இடமே இல்லாத லாட்டின்1 முறைக்கு மாறிட்டா எழுத்து கேள்விக்குறியாவே சேமிப்பாகிடும், அதுலேர்ந்து திரும்பக் கொண்டு வர முடியாது. எங்க பகுதியில கோவிந்தராஜ்னு பேர் வச்சவங்க ஊருக்குப் பத்துப் பேர். அப்பா பேரும் ஊர்ப் பேரும் வச்சுத்தான் அடையாளம். அது எல்லாமே கேள்விக்குறி ஆனா கடன் யார் கணக்குல போகும்?

திருத்துறைப்பூண்டிக்கு டம்ப் கூட எடுக்கல. மன்னார்குடி மிஷின்ல இருந்த டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணி வச்சுட்டார். ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு தனி அடையாள எண் உண்டு. அது அந்த ஃபோல்டருக்குள்ள ‘ஆட்டோ டாட் சிஎன்எஃப்’னு ஒரு ஃபைல்ல இருக்கும். காப்பி பண்ணினவர் அதை அழிச்சுட்டு சர்வரை மறுபடி ஓட்டியிருந்தா புது எண் வந்திருக்கும். அழிக்காததால ரெண்டு கிளைக்கும் ஒரே எண். ஒண்ணு கும்பகோணத்தோட இணைஞ்சா இன்னொண்ணைத் துண்டிச்சிடும். இதுக்குத்தான் அவர் நெட் மேல பழி போட்டார்.

பெரியவர் பணம் காணாமப் போனது வேற வழி. ரெப்ளிகான்னா கிளையில படிக்க மட்டும்தான் முடியணும். எங்க கிளைகள்ல பில்லும் போட்டாங்க. பில் எண் தானா ஏறுறது. அதனால கும்பகோணத்துலயும் மன்னார்குடியிலயும் ஒரே எண்ல வேற வேற பில். கும்பகோணத்து வரி (டேபிள்ல ஒரு பதிவு) வந்து இறங்கும்போது 1062ங்கிற எண்ணோட ‘ஏற்கெனவே இருக்கு’ பிழை வந்து ரெப்ளிகா நின்னிருக்கு. அவர் பண்ணின ‘சரி’ என்னன்னா, அந்தப் பிழையைத் தாண்டிப் போகச் சொல்லி வச்சது. அப்படி வச்சா ரெப்ளிகா ஸ்டேட்டஸ்ல ‘டேட்டா வருதா, ஏறுதா’ங்கிற ரெண்டு இடத்துலயும் ‘யெஸ்’னுதான் வரும். டேட்டா ஒண்ணா இருக்கான்னு அது சொல்லாது. கிளை பில் கும்பகோணம் வர, ராத்திரி தானா ஓடுற ஒரு டாஸ்க் வச்சிருந்தார். அதுல அவர் எழுதினது: எண் மோதினா வந்த வரியை விட்டுடு. பெரியவர் கட்டின ரசீது அப்படித்தான் விழுந்துபோச்சு. அது பிழைன்னு எங்கயும் சிவப்பாக் காட்டல. இதுதான் எனக்கு வயிறு எரியுது. அறியாமைன்னா மன்னிக்கலாம், இது தெரிஞ்சே மூடினது.

இப்ப அத்தை மகன் மாத்திக் கொடுத்திருக்கான். பில் எண்ல கடைக் குறியும் சேரும், ஒரு கடை வரியை இன்னொரு கடை எழுதாது. ராத்திரி பேக்கப் தனி, ஏன்னா ரெப்ளிகா பேக்கப் ஆகாது. கும்பகோணத்துல ஒருத்தர் டேபிளை அழிச்சா அந்த அழிப்பும் கிளைக்குப் போயிடும்.

எல்லாக் கடையிலயும் பில் போடலாம்னு சொல்லி யாராவது செட் பண்ணிக் கொடுத்தா, மீதிப் பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி கிளையில நெட்டைப் புடுங்கச் சொல்லுங்க. ரெண்டு பக்கமும் பில் போடுங்க, நெட்டை மாட்டுங்க, ரெண்டு பில்லும் ரெண்டு பக்கமும் வருதான்னு பாருங்க. தமிழ்ப் பேரோட ஒரு பில் கண்டிப்பா இருக்கட்டும்.

முன்பணம் திரும்பல. வியாபாரத்துக்கு வாங்கின சேவைன்னா 2019 நுகர்வோர் சட்டத்துல வழக்கு இழுபடும்னு வக்கீல் சொன்னதால இப்போதைக்கு நோட்டீஸ் மட்டும் அனுப்பியிருக்கோம். சர்வீஸ்காரர் பதிலுக்கு ஏஎம்சி (வருஷப் பராமரிப்பு) பில் அனுப்பியிருக்கார். உங்க கடையிலயும் இந்த மாதிரி ராத்திரி டாஸ்க் ஓடுச்சுன்னா இன்னைக்கே நிறுத்திட்டு, கிளை டேட்டாவை ஒரு காப்பி தனியா எடுத்து வச்சிடுங்க. தலைமைக் கடை டம்ப்பைக் கிளை மேல மட்டும் இறக்க விடாதீங்க. அதுல பழைய டேபிளை அழிக்கிற கட்டளையும் சேர்ந்தே வரும்.