மூன்று வருஷம் போட்ட ஹெல்மெட்: காப்பாற்றியது, ஆனாலும் வாங்காதே

"அண்ணா, நீங்க போடுற ஹெல்மெட் இப்ப 900 ரேண்டுக்கு இறங்கியிருக்கு, வாங்கலாமா?" என்று எங்கள் ஞாயிறு சைக்கிள் கூட்டத்துத் தம்பி கேட்டான். நான் 1,400 கொடுத்து வாங்கி, மூன்று வருஷம் போட்டு, போன மாதம் அதோடு விழுந்தும் பார்த்துவிட்டேன்.

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்து ப்ளூ லகூன் பக்கம், இரவு மழையில் தார் வழுக்கியது. முன்சக்கரம் சறுக்கி இடப்பக்கமாக விழுந்தேன். தலை ரோட்டில் மோதிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மூளைக்கு அடி எதுவும் இல்லை என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தேன். வெளி ஓட்டில் சிராய்ப்பு மட்டும்தான். உள்ளே இடது பொட்டுக்கு மேலே தெர்மாகோல் நசுங்கி, நகம் நுழையும் அளவுக்கு விரிசல்.

அந்த நசுங்கல்தான் என்னைக் காப்பாற்றியது. சைக்கிளில் உட்கார்ந்தால் தலை சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து விழும் தலை, தரையைத் தொடும்போது மணிக்கு 19, 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அது 2 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால் தலை தாங்க வேண்டியது புவியீர்ப்பைப் போல சராசரியாக 750 மடங்கு. தெர்மாகோல் 2 சென்டிமீட்டர் நசுங்கி வழிவிட்டால் அது 75 மடங்காகக் குறைகிறது. விழுந்த 150 சென்டிமீட்டரை நின்ற தூரத்தால் வகுத்துப் பார், அவ்வளவுதான் கணக்கு. நசுங்கியது ஸ்பிரிங் மாதிரி எழும்பவும் கூடாது. எழும்பினால் வாங்கிய அடியைத் தலைக்கே திருப்பிக் கொடுக்கும். அதனால்தான் ஒரு விழுதலோடு ஹெல்மெட்டின் வேலை முடிந்துவிடுகிறது.

சரி, இப்போது அந்த கிளிப். காதுக்குக் கீழே முன்வாரும் பின்வாரும் சேருமிடத்தில் ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கிறதே, அது மூன்று வருஷமும் நழுவிக்கொண்டே இருந்தது. டர்பன் வெயிலில் வார் வியர்வையில் ஊறினால் பத்து நிமிஷம்கூட நிற்காது. ஒவ்வொரு ரோபாட்டிலும் (சிக்னலுக்கு இங்கே அதுதான் பேர்) நின்று இழுத்துவிடுவேன். கடையில் இரண்டு முறை காட்டினேன். "எல்லாருக்கும் அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள்.

விழுந்த அன்றும் வார் தளர்ந்துதான் இருந்தது. ஹெல்மெட் பின்னால் ஏறி நெற்றி வெளியே வந்துவிட்டது. இடது புருவத்துக்கு மேலே மூன்று தையல். இன்னும் இரண்டு விரல் முன்னால் மோதியிருந்தால் அங்கே தெர்மாகோலே இல்லை. நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது, கோபமும் வருகிறது.

அதனால் தம்பி, 900 என்ன, 500க்குக் கொடுத்தாலும் வேண்டாம். இதே மாதிரி நசுங்கும் தெர்மாகோல், ஐரோப்பாவின் ஈஎன் 1078 மாதிரி ஒரு சோதனையில் தேறிய அனேக ஹெல்மெட்டுகளில் உண்டு. அது அடிபடும் இடத்தில் இருக்க வேண்டுமே, அதற்குத்தான் வார். கடையில் பூட்டிக்கொண்டு, உள்ளங்கையால் முன்விளிம்பை மேலே தள்ளிப் பார். நெற்றி தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வா. சனிக்கிழமை போவதாக இருந்தால் சொல், நானும் வருகிறேன். எனக்கும் புதிது வாங்க வேண்டும். பழையதை வேறு யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று வார்களை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன்.