ஏசிக்கு வந்திருப்பவர் ‘எக்ஸ்பர்ட்’டா, மெக்கானிக்கா?

ஆப்பில் புக் செய்து வரவழைக்கும் ஸ்பிளிட் ஏசி சர்வீஸில் ஜெட் வாஷுக்கு, அதாவது பம்ப் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவதற்கு, கொடுக்கும் பணம் வீண் இல்லை. குளிரூட்டும் கேஸ் நிரப்பும் பேச்சு வந்தால் மட்டும் உடனே தலையாட்ட வேண்டாம்.

வருகிறவரை ஓர் ஆப் ‘எக்ஸ்பர்ட்’ என்கிறது, இன்னொன்று ‘ப்ரோ’ என்கிறது. இந்தப் பட்டங்களுக்குப் பாடத்திட்டமும் இல்லை, பொதுத் தேர்வும் இல்லை. ஐடிஐயில் 2 வருடம் ஏசி டிரேட் படித்தவருக்கும் ஃபில்டர் கழுவ மட்டும் தெரிந்தவருக்கும் ஒரே பட்டம் கிடைத்துவிடலாம். மெக்கானிக் என்பது மரியாதையான சொல். அதை மறைத்ததில் நஷ்டம் நன்றாகத் தொழில் தெரிந்தவருக்குத்தான்.

தொழில் தெரிந்தவர் வந்ததும் பேனலில் கை வைக்க மாட்டார். ஏசியை 10, 15 நிமிடம் ஓடவிட்டு, மேலே இழுக்கும் காற்றுக்கும் கீழே வரும் காற்றுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று பார்ப்பார். 8 முதல் 12 வரை இருந்தால் நல்ல நிலை. பிறகு மெயினை அணைத்து, பிசிபி என்ற எலக்ட்ரானிக் போர்டில் தண்ணீர் படாமல் மூடி, சுற்றிலும் பை கட்டுவார். ஜெட்டைக் காயிலுக்கு, அதாவது காற்றைக் குளிரவைக்கும் குழாய்-தகடு அடுக்குக்கு, நேராகப் பிடிப்பார். சாய்த்து அடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கிக் காற்று அடைபடும்.

அவசரத்தில் விட்டுப்போவது ப்ளோயர், அதாவது உள்ளே காற்றைத் தள்ளும் உருளை ஃபேன். அதன் இதழ்களில் கருப்பாக ஒட்டியிருக்கும் அழுக்கு போகாவிட்டால் காற்றும் வராது, வாடையும் போகாது. முடிந்ததும் காயிலுக்கு அடியில் தண்ணீர் சேரும் டிரேயில் ஒரு மக் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். அது டிரெய்ன் பைப் வழியே தடையின்றி இறங்காவிட்டால் இரண்டு நாளில் சுவரில் ஒழுகும்.

இனி கேஸ். அது மூடிய குழாய்க்குள் சுற்றுவது, பெட்ரோல் போலத் தீர்ந்துபோவது இல்லை. குறைந்திருந்தால் எங்கோ லீக். காயிலும் ஃபில்டரும் அழுக்காக இருந்தாலே, கேஸின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரான கேஜில் பிரஷர் இறங்கித் தெரியும். ஆகவே கழுவுவதற்கு முன் கேஜைக் காட்டி ‘கேஸ் கம்மி’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரெஸர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் பிரஷரை மட்டும் வைத்து முடிவு செய்வதும் தவறு. முறையான வேலை இப்படி: நைட்ரஜன் ஏற்றி, குழாய்களை இணைக்கும் ஃப்ளேர் நட்டுகளில் சோப்பு நுரை தடவி லீக்கைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும், குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வாக்யூம் பம்ப் போட வேண்டும், நேம் பிளேட்டில் உள்ள கிராம் கணக்குப்படி எடை மிஷினில் வைத்து நிரப்ப வேண்டும். எடை மிஷின் இல்லாமல் வந்தவரிடம், இப்போது பல ஏசிகளில் இருக்கும் ஆர்-32 என்ற கேஸை நிரப்பிக்கொள்ள வேண்டாம். அது தீப்பற்றக்கூடிய வகை என்பதால் பக்கத்தில் நெருப்பும் ஆகாது.

பல ஆப்களில் வீட்டுக்கு வரும் மெக்கானிக் ‘பார்ட்னர்’ என்று பதிவாகியிருப்பார். மாதச் சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ மூன்றும் இல்லை, ஒரு வேலைக்கு இவ்வளவு என்ற கணக்குதான். ஒரு வீட்டில் ஒன்றரை மணி நேரம் நிற்க அவருக்குக் கட்டுப்படியாகாது. அவுட்டோர் யூனிட்டைக் கழுவாமல் போவதற்கும், கூடுதல் வேலை சொல்வதற்கும் பாதிக் காரணம் இதுவே. தமிழ்நாட்டில் ஆப் வழியே வேலை செய்கிறவர்களுக்கென நல வாரியம் 2023-ல் வந்தது; ஆனாலும் விழுந்து அடிபட்டால் தொழிலாளிக்குரிய இஎஸ்ஐ சிகிச்சை இந்த வேலையால் அவருக்குக் கிடைக்காது. அவுட்டோர் மாடியின் வெளிச்சுவரில் இருந்தால், பெல்ட்டும் கயிறும் இல்லாமல் சன்ஷேடில் இறங்கச் சொல்லாதீர்கள். அதை முன்கூட்டியே போனில் சொல்லி, இரண்டு பேராக வரச் சொல்லுங்கள்.