கடலடிக் கண்ணிவெடி நிரல் போட்டி: வழித்தேடலா, எதிரொலியா?
தண்டையார்பேட்டை, ராயபுரம் பகுதி மாணவர்களுக்குக் கடலடிக் கண்ணிவெடித் தேடலை ஒட்டி நிரல் போட்டி நடத்த விரும்புவோருக்கு இரண்டு வழிகள் உண்டு. கட்டங்களாகப் பிரித்த கடற்படுகை முழுவதையும் ஒரு தானியங்கிக் கலம் குறைந்த நகர்வுகளில் பார்த்து முடிக்க வழி எழுதுவது ஒன்று. எட்டாம் வகுப்பு மாணவர்கூட, கட்டளைக் கட்டைகளை இணைத்து நிரல் எழுதும் ஸ்கிராட்ச் மொழியில் இதைச் செய்துவிடலாம்.

மற்றொன்று, கோர்மனும் செய்னோவ்ஸ்கியும் 1988-இல் வெளியிட்ட ஆய்வின் சோனார் (ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியால் நீருக்கடியிலுள்ள பொருளை அறியும் முறை) தரவு. அதிலுள்ள 208 எதிரொலிகளில் 111 கண்ணிவெடியாகக் கொள்ளப்படும் உலோக உருளையிலிருந்தும் 97 பாறையிலிருந்தும் வந்தவை; ஒவ்வொன்றும் 0 முதல் 1 வரையிலான 60 எண்களாகப் பதிவாகியுள்ளது. புதிய எதிரொலிக்கு மிக நெருக்கமான பழைய எதிரொலியைத் தேடி, அதன் வகையையே இதற்கும் சூட்டும் முறையைப் பைத்தான் நிரல் மொழியில் சில வரிகளில் எழுதிவிடலாம். காசிமேட்டு விசைப்படகுகளில் எதிரொலியால் கடலாழம் காட்டும் எக்கோ சவுண்டரைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இதன் அடிப்படை அந்நியமானதன்று.

மேல்நிலை மாணவர்களுக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். பாறையைக் கண்ணிவெடி என்று சொன்னால் நேரம்தான் வீணாகும், கண்ணிவெடியைப் பாறை என்று சொன்னால் கப்பலே போய்விடும் என்பதால், இரண்டாம் வகைப் பிழைக்கு மிகுதியாக மதிப்பெண் குறைக்க வேண்டும். தரவு இணையத்தில் பொதுவில் கிடைப்பதால், விடைகளை அல்லாமல் நிரலையே வாங்கி, தரவைப் பயிற்சிக்கும் சோதனைக்குமாக வெவ்வேறு விதமாகப் பிரித்து ஓட்டிப் பார்ப்பது நல்லது.