காரா, படகா, இரண்டுமா? டீட்டெய்லிங் தொழிலில் எதை எடுப்பது

கார் டீட்டெய்லிங் (வண்டியை நுணுக்கமாகச் சுத்தம் செய்து, பாலிஷ் போட்டு, பூச்சு பூசும் வேலை) ஓரளவு கைவந்தவுடன் பலருக்கும் ஒரு யோசனை வரும்: படகையும் சேர்த்துக்கொண்டால் என்ன? அதே பாலிஷிங் மிஷின், அதே காம்பவுண்ட் (தேய்த்து வெட்டும் பசை), அதே மைக்ரோஃபைபர் துணி. ஒரு படகுக்கு வாங்கும் கூலியோ பல கார்களுக்குச் சமம். காகிதத்தில் கணக்கு அழகாகத்தான் வருகிறது. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மிஷினைத் தவிரப் பொதுவாக இருப்பது கொஞ்சம்தான். காரில் பயம் பெயின்ட் தடிமனைப் பற்றி. படகில் பயம் நேரத்தைப் பற்றி. விலை சொல்லும் முறை, வேலை செய்யும் இடம், விற்க வேண்டிய கோட்டிங் எல்லாமே இந்த இடத்தில்தான் பிரிகின்றன.

தேய்க்கப்போவது எதை?

இன்றைய காரில் தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். கம்பெனியிலிருந்து வரும்போது எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும். அதில் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான்தான். பெரும்பாலான தலைமுடிகளைவிட மெல்லியது. சுழல் கீறலை எடுக்கிறோம் என்றால் இந்த அடுக்கைத்தான் சுரண்டுகிறோம். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருளும் இதற்குள்தான் இருக்கிறது, அதனால் ஒவ்வொரு முறை ஆழமாகப் பாலிஷ் போடும்போதும் பெயின்டின் ஆயுளில் ஒரு பங்கு போகிறது. கிளியர் கோட் வெளுத்து உரிய ஆரம்பித்துவிட்டால் பாலிஷால் மீட்க முடியாது. அந்த வண்டியை மறுபெயின்டுக்கு அனுப்புவதுதான் நியாயம்.

ஃபைபர் படகின் கதை வேறு. அதன் வெளித்தோலான ஜெல்கோட், நிறமி கலந்த பாலியெஸ்டர் ரெசின். சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன், அதாவது கிளியர் கோட்டைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. நிறம் முழுத் தடிமனிலும் இருப்பதால் கொஞ்சம் கூடத் தேய்த்துவிட்டாலும் உடனே அடிநிறம் தெரியாது. வெயிலில் கிடந்த படகை விரலால் தடவினால் சுண்ணாம்புத் தூள் மாதிரி ஒட்டும். அந்தச் சிதைந்த மேல்படலத்தை எடுத்துவிட்டால் கீழே நல்ல ஜெல்கோட் காத்திருக்கும். இந்த விஷயத்தில் படகு மன்னிக்கும், கார் மன்னிக்காது.

ஆனால் அந்தச் சிதைவு எவ்வளவு ஆழம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஈரத்துணியால் துடைத்தால் எவ்வளவு வெளுத்த படகும் புதிது போலத் தெரியும். காய்ந்ததும் பழைய கோலம். எண்ணெய்ப் பசை உள்ள மலிவான கிளீனர் வேக்ஸ் செய்வதும் ஏறக்குறைய இதையேதான். படகை ஒப்படைக்கும் நாளில் பளபளப்பு, சில வாரத்தில் தொலைபேசி அழைப்பு.

இரண்டுக்கும் மாறி மாறிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். வெள்ளைப் படகைத் தேய்க்கும்போது மிஷினில் மாட்டிய பேட் (தேய்க்கும் மெத்தை) வெள்ளையாவது இயல்பு. காரில் பேடில் வண்டியின் நிறம் ஒட்டினால், அது கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயின்டாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். அதேபோல, காரின் தகட்டில் பெயின்ட் தடிமன் காட்டும் மீட்டர், காந்தத்தாலோ மின்சுழலாலோ அளப்பது. ஃபைபர் படகின் மேல் அது எதையும் காட்டாது. பிளாஸ்டிக் பம்பரிலும் அப்படியே. அங்கெல்லாம் மீயொலி மீட்டர் வேண்டும், அதன் விலையே வேறு. இன்னொன்று: எல்லாப் படகும் ஜெல்கோட் அல்ல. இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயின்ட் போட்ட படகுகள் உண்டு. அந்தப் பெயின்ட் வகைகள் பலவற்றில் காம்பவுண்ட் போடவே கூடாது. வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் உரிமையாளரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

ரோட்டரியா, டிஏவா?

பாலிஷிங் மிஷினில் இரண்டு வகை: ரோட்டரி ஒரே அச்சில் சுழலும், டிஏ (டூயல் ஆக்‌ஷன்) சுழன்றுகொண்டே அலையும். இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. காருக்கு 15 மில்லிமீட்டர் அலைவுள்ள டிஏ மிஷின் ஒன்று, இடுக்குகளுக்குச் சின்னதாக ஒன்று போதும். சுழற்சியோடு அலைவும் சேர்ந்திருப்பதால் சூடு ஓரிடத்தில் குவியாது, புதிதாக வேலைக்கு வந்த பையனிடமும் தைரியமாகக் கொடுக்கலாம். ரோட்டரி வேகமாக வெட்டும். விளிம்புகளில் கிளியர் கோட்டை நொடியில் எரிக்கவும் செய்யும், கை பழகாவிட்டால் வெயிலில் மட்டும் தெரியும் வளையங்களையும் விட்டுவைக்கும். படகில் நிலைமை தலைகீழ். நன்றாக வெளுத்த ஜெல்கோட்டில் டிஏவை வைத்துக்கொண்டு நின்றால் நாள் முழுக்கப் போய்விடும். கம்பளிப் பேட் மாட்டிய ரோட்டரியால் வெட்டி, பிறகு டிஏவால் மெருகேற்றுவதே ஓடும் வழி. மிதக்கும் படகில் மின்கம்பி வேண்டாம், பேட்டரி மிஷின்தான்.

விலை சொல்வது

காருக்கு விலை சொல்வது எளிது. சின்னது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவு. ஒரு சதுர அடியில் சோதித்துப் பார்த்து ஒரு படிப் பாலிஷா, இரண்டு படியா என்று முடிவு. கணக்கு தப்பினாலும் சில மணி நேரம்தான் நஷ்டம்.

படகுக்கு அடிக்கு இவ்வளவு என்று சொல்வது வழக்கம். புதிதாக வருபவர்களின் கையைக் கடிப்பது பெரும்பாலும் இந்த வழக்கம்தான். 20 அடிப் படகுக்குப் பதில் 40 அடிப் படகு வந்தால் நீளம் இரண்டு மடங்கு. ஆனால் அகலமும் பக்கங்களின் உயரமும் கூடவே வளர்வதால் தேய்க்க வேண்டிய பரப்பு நான்கு மடங்கை நெருங்கிவிடும். அதோடு ஏணி, சாரம், மேல்தளம், கைப்பிடிக் கம்பிகள். ஒரே அடிக்கணக்கை இரண்டுக்கும் சொன்னால் பெரிய படகில் பாதிக் கூலிக்கு உழைக்க நேரும். அடி விகிதமே நீளத்தோடு படிப்படியாக ஏற வேண்டும். அதற்கும் முன்னால், படகின் மிக மோசமான பகுதியில் (பெரும்பாலும் வெயில் அதிகம் படும் பக்கம், இல்லையென்றால் பின்பலகை) இரண்டு அடிக்கு இரண்டு அடி தேய்த்து, எவ்வளவு நேரமானது என்று பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள். ஃபோட்டோவைப் பார்த்துப் படகுக்கு விலை சொல்வதை நான் தொழிலாகவே எண்ணமாட்டேன்.

கடையா, வண்டியில் போவதா?

கார் மட்டும் என்றால் வீடு தேடிப் போவதே நல்ல தொடக்கம். வாடகை இல்லை, கழுவிய பின் நீர் ஊற்றி அலசாத ரின்ஸ்லெஸ் வாஷ் முறையில் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கார் முடிந்துவிடும். சேறு அப்பிய வண்டிக்கு மட்டும் அது ஆகாது. முதலில் பீய்ச்சிக் கழுவியாக வேண்டும். கழுவிய நீரை மழைநீர் வடிகாலில் விடப் பல நாடுகளில் தடை உண்டு என்பதால் அதற்கான ஏற்பாடும் வேண்டும். உள்ளே சுத்தம், வேக்ஸ், ஒரு படிப் பாலிஷ் வரை இப்படிச் சமாளிக்கலாம்.

செராமிக் கோட்டிங் (பெயின்டின் மேல் பூசினால் இறுகிக் கடினமாகும் திரவப் பூச்சு) விற்க ஆரம்பித்த அன்று கூரை தேவைப்படும். தூசி, வெயில், காற்று மூன்றும் அதற்கு எதிரி. பலர் இங்கே தடுமாறுகிறார்கள்: கோட்டிங்கில் லாபம் என்று கேள்விப்பட்டு முதலிலேயே பெரிய இடத்தைப் பிடித்து, வாடகைக்காக வாட்டர் வாஷ் கடையாக மாறிவிடுகிறார்கள். முதலில் வாடிக்கையாளர், பிறகு கூரை என்பதே என் கட்சி.

படகில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. படகு உங்களிடம் வராது, நீங்கள்தான் போக வேண்டும். படகுத்துறையின் அனுமதி, காப்பீட்டுச் சான்று, கரையேற்றும் தேதி எல்லாம் அடுத்தவர் கையில். நீரில் மிதக்கும்போது நீர்மட்டத்துக்கு மேலே உள்ளதை மட்டும், அதுவும் படகுத்துறை விதி விடும் அளவுக்குத்தான் செய்யலாம்.

வேக்ஸ், சீலன்ட், செராமிக், பிபிஎஃப்

எதை விற்கிறீர்கள் என்பதே நீங்கள் எந்த மாதிரிக் கடை என்பதைத் தீர்மானிக்கும். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

கார்னோபா வேக்ஸ், பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை இலையிலிருந்து வருகிறது. உருகுநிலை 82 முதல் 86 டிகிரி செல்சியஸ். இயற்கை மெழுகுகளில் இது உயர்ந்தது. அடர்நிறக் காரில் அது தரும் ஆழமான மெருகை ரசிக்கிறவர்கள் இன்றும் உண்டு. ஆயுள் சில வாரத்திலிருந்து சில மாதம். செயற்கைப் பாலிமர் சீலன்ட் அதைவிடக் கூடுதலாக நிற்கும், பூசுவதும் துடைப்பதும் சுலபம். இரண்டிலும் தவறு செய்தால் மறுபடி துடைத்தால் போதும்.

செராமிக்கில் அந்தச் சலுகை இல்லை. பூசி, சரியான நேரத்தில் துடைத்துச் சமன் செய்யாவிட்டால் திட்டுத்திட்டாக இறுகிவிடும். எடுக்கப் பாலிஷ் மிஷின்தான் வேண்டும். முன்வேலையில் மிச்சமிருந்த கீறல்களும் அடியில் பூட்டப்பட்டுவிடும். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்துக் காட்டும் என்பதால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்து, பளிச்சென்ற விளக்கில் பார்த்த பிறகுதான் பாட்டிலைத் திறக்க வேண்டும். பாட்டிலில் 9எச் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது பென்சில் கடினச் சோதனையின் அளவுகோல். கனிமங்களை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலின் 9 அல்ல. ஆனால் விற்பனைப் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட, வாடிக்கையாளர் சாவியால் கீறினாலும் கோடு விழாது என்று நம்பிக்கொண்டு போகிறார். செராமிக் அழுக்கு ஒட்டுவதைக் குறைக்கும், கழுவ எளிதாக்கும், ரசாயனத்தை ஓரளவு தாங்கும். கல்லடியைத் தடுக்காது, உப்புநீர்க் கறையையும் முழுக்கத் தடுக்காது. சொல்லப்போனால், முத்து முத்தாக நிற்கும் கடினநீர் வெயிலில் காய்ந்தால் வட்டக் கறை நன்றாகவே பதியும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடும் கடைக்குத்தான் வாரன்டிச் சண்டை வராது.

கல்லடிக்கு மருந்து பிபிஎஃப் (பெயின்ட் பாதுகாப்புப் படலம்) ஒன்றுதான். 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பாலியூரித்தேன் படலம். வெட்டுவது, இழுப்பது, ஓரம் மடிப்பது எல்லாம் தனிக் கலை. வீணாகும் படலத்தின் விலையும் உங்கள் தலையில். சிறு கடைக்கு என் ஆலோசனை, அதில் அகலக் கால் வைக்காமல், நன்றாக ஒட்டும் ஒருவருக்கு வேலையைக் கொடுத்துவிட்டுக் கமிஷனோடு நிற்பது.

சரி, படகுக்கு? செராமிக் பூசலாம், அதற்கென்றே தயாரிப்புகளும் இருக்கின்றன. ஆனால் ஜெல்கோட் நுண்துளை உள்ளது, கோட்டிங்கை அதிகம் குடிக்கும். திறந்த வெளியில் பூசினால் இறுகும் முன் பனி இறங்கிவிடலாம். படகுத்துறையில் கட்டியிருக்கும்போது பக்கவாட்டுத் தடுப்புப் பைகள் ஓயாமல் உரசும். இத்தனைக்கும் பிறகு நீங்கள் கொடுத்த வருடக்கணக்கு வாரன்டியை அங்கே காப்பாற்றுவது கஷ்டம். புதுப் படகோ, கூரைக்கடியில் முழுதாகச் சரிசெய்த படகோ என்றால் மட்டும் செராமிக். மற்றதற்கெல்லாம் தடிமனான மரைன் சீலன்ட், பருவத்துக்கு ஒருமுறை மறுபூச்சு. காரில் செராமிக்கின் கூலி மொத்தமாக ஒருமுறை வருகிறது. படகில் சீலன்ட் திரும்பத் திரும்ப வருமானம் தருகிறது.

படகில் மட்டும் உள்ள பொறிகள்

வழுக்காத சொரசொரப்புத் தளத்தில் வேக்ஸ் போடவே கூடாது. யாராவது வழுக்கி விழுந்தால் பொறுப்பு உங்களுடையது. தேக்குத் தளத்தை மென்மையான பிரஷால் இழைக்குக் குறுக்காகத் தேய்க்க வேண்டும், அழுத்த நீர் பீய்ச்சினால் மரத்தின் மென்பகுதி அரித்துப்போகும். இரண்டு பாட்டில் தேக்குக் கிளீனர்களின் அமிலமும் காரமும் பக்கத்து அலுமினியத்தையும் கெடுக்கும். கண்ணாடி போலத் தெரியும் வளையும் பிளாஸ்டிக் திரைகளில் அமோனியா கலந்த கிளீனர் ஆகாது. நீர்மட்டக் கோட்டின் பழுப்புக் கறைக்கு ஆக்ஸாலிக் அமிலக் கிளீனர் தேய்க்காமலே வேலை செய்யும். கையுறையும் கண்காப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் பாசித்தடுப்புப் பெயின்டைத் தேய்க்கும் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். டிரைபியூட்டைல் டின் கலந்த பெயின்டுகளுக்கு 2001 இல் உலகளாவிய ஒப்பந்தம் போட்டு, 2008 இல் தடை நடைமுறைக்கு வந்தது. இப்போது பரவலாக இருப்பவை செம்பு கலந்தவை. அந்தத் தூளும் நுரையீரலுக்கும் நீருக்கும் நல்லதல்ல. தூசியை உறிஞ்சும் மிஷினும் சரியான முகக்கவசமும் உள்ளவர்கள் செய்யட்டும்.

காப்பீட்டிலும் இரண்டுக்கும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு. சாதாரணப் பொறுப்புக் காப்பீடு, மூன்றாம் நபருக்கு வரும் சேதத்தைக் கவனிக்கும். உங்கள் கையில் வேலைக்காக இருக்கும் வண்டியையோ படகையோ பல நேரம் விட்டுவிடும். அந்தப் பிரிவு இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

அப்போ யார் எதை எடுக்கலாம்?

தனி ஆள், கையில் முதல் குறைவு என்றால் கார் மட்டும், வீடு தேடிப் போய். இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், படகுத்துறை பக்கத்தில் இருக்கிறது என்றால் படகைச் சேருங்கள். ஆனால் வெளுத்துக் கிடக்கும் பெரிய படகை மீட்கும் வேலையாக அல்ல, நல்ல நிலையிலுள்ள 25 அடிக்குள்ளான படகுகளின் பராமரிப்பாக. மாதம் ஒருமுறை நன்னீர்க் கழுவல், கம்பிகளின் துருக்கறை துடைத்தல், பருவத்துக்கு ஒரு சீலன்ட் என்று முன்பணத்தோடு ஒப்பந்தம் போட்டால், எந்த வாரம் யார் எங்கே என்று முன்கூட்டியே தெரியும். இடையில் கார்களை நிரப்பிக்கொள்ளலாம். கரையேற்றும் தேதியைப் படகுத்துறை தள்ளிப்போட்டால் காத்திருப்புக் கூலி யார் தருவது என்பதையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.